லிஃப்ட்காரர் வீட்டுப் படிக்கட்டு

மாடியில் இருக்கும் கட்டிலைக் கீழே இறக்கிவிடுவது என்று லிஃப்ட்காரர் சபதமே செய்துவிட்டார். ஆனால் அது தன் முட்டிக்காக என்று ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக்கூடாது. முக்கியமாக, மனைவிக்கு.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த காலமெல்லாம் ஊராரை மேலே ஏற்றி இறக்கியவர் அவர். எந்தக் கட்டடத்து லிஃப்ட் முனகினாலும் கதவில் காதை வைத்துக் கேட்டு, கோளாறு எந்த உருளையில் என்று சொல்லிவிடுவார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். அந்தப் பெருமையை மனைவியிடம் சொல்லிக்கொள்ளாத நாள் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் வீட்டில் லிஃப்ட் இல்லை. செங்குத்தாக ஒரு படிக்கட்டு, நடுவில் ஒரு திருப்பம், அங்கே ஒரு ஜன்னல். அவ்வளவுதான்.

அந்தத் திருப்பத்தின்மேல் அவருக்குத் தனிப் பிரியம். கல்யாணமான புதிதில் அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவார். அதே நேரம் பார்த்து அவள் துணிக்கூடையோடு இறங்குவாள். ஒருவர் உடம்பைத் திருப்பி ஒதுங்கினால்தான் மற்றவர் போக முடியும். அதுவும் உரசாமல் முடியாது. இரண்டே பேர் இருந்த வீட்டில் அந்த ஒரு இடத்தில் மட்டும் எப்போதும் நெரிசல். கேட்டால் இருவருமே தற்செயல் என்பார்கள்.

இப்போதும் அவர் அங்கே நிற்கிறார், மூச்சு வாங்குவதற்கு. முட்டிக்குள் மணலைப் போட்டு அரைத்தாற்போல நறநறவென்று ஒரு சத்தம். கீழே முன்னறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும் மனைவி, இன்னும் மேலே போகவில்லையா என்று கேட்பாள். தெருவில் ஒருத்தர் சைக்கிள் கற்றுக்கொள்கிறார், வேடிக்கை பார்க்கிறேன் என்பார் இவர். தெருவில் ஒரு நாய்கூட இருக்காது.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தக் கட்டில் இருக்கிறதே, அதை அவர் இளவட்டத்தில் தனி ஆளாகத் தலையில் சுமந்து மாடி ஏற்றியவர். அறையில் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்த ஒரு பார்வையை வைத்தே அவர் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறார். முட்டி வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் அந்தப் பார்வை கலைந்துபோகும் என்று அவருக்குப் பயம்.

ஆகவே வலியை மனைவியின் காலுக்கு மாற்றினார்.

முதலில் அவளிடமே, பாவம் உனக்குக் கால் வலிக்குமே, கீழேயே படுக்கலாமே என்று ஆரம்பித்தார். மெஷின் மிதித்த காலுக்கு வலி ஏது என்று அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு போய்விட்டாள். சரி, இவளிடம் சொல்வதைவிட ஊரில் சொல்வது மேல் என்று தச்சரிடம் சொன்னார், எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னார். வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, "அம்மாவுக்கு முட்டி தேஞ்சிடுச்சும்மா. கேட்டா ஒத்துக்கமாட்டா, பிடிவாதக்காரி" என்று குரலைத் தழுதழுக்க வைத்தார். அரைமணி நேரத்தில் மகள் அம்மாவைக் கூப்பிட்டு, ஏன் மறைத்தாய் என்று அழுதே விட்டாள்.

போனை வைத்த மனைவி அவரையே பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஆமாங்க. நீங்க சொன்னதுக்கப்புறம்தான் எனக்கே தெரியுது. வலிக்கத்தான் செய்யுது" என்றாள்.

மறுநாளே தச்சர் வந்து கட்டிலைக் கழற்றி முன்னறையில் பூட்டினார். பீரோவையும் இறக்கிவிடட்டுமா என்று கேட்டார். அதற்கென்ன அவசரம், அது மேலேயே இருக்கட்டும் என்றாள் மனைவி. லிஃப்ட்காரருக்கு அப்போதுகூடப் பொறி தட்டவில்லை. கோட்டையைப் பிடித்த ராஜா மாதிரி கட்டிலில் உருண்டு புரண்டார்.

விடிந்ததும் ஆரம்பித்தது. அவள் காலுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்துகொண்டாள். சீப்பு மேலே இருக்கிறது என்றாள். ஏறி எடுத்துவந்தார். இது இல்லை, அகலப் பல் சீப்பு என்றாள். பிறகு துண்டு. பிறகு நீல நூல். பிறகு, இந்த நீலம் இல்லை, கொஞ்சம் வெளிறின நீலம். மாடியில் காயப்போட்ட துணி. அது காயவில்லை என்றால் திரும்பக் கொண்டுபோய்ப் போடணும்.

"நானே போயிடுவேன். ஆனா முட்டி தேஞ்சவ படியேறினா எதிர்வீட்டு அக்கா உங்களைத்தானே தப்பா பேசுவாங்க" என்றாள்.

ஏறும்போது மூச்சு கெஞ்சியது. இறங்கும்போது முட்டி கெஞ்சியது. இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கொடுமை என்பது இத்தனை வருஷ லிஃப்ட் வேலையில் அவருக்குத் தெரியாமலே போயிருந்தது. மேலேயே இருந்த காலத்தில் ஏதோ ஒருதடவை ஏறினால் பொழுது போயிற்று. கீழே குடிவந்த பிறகு பொழுதெல்லாம் படியில்தான் போயிற்று.

அடுத்த நாள் அவளுடைய மூக்குக்கண்ணாடி மேலே இருந்தது. திருப்பம் வரை போனவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஜன்னலடியில் ஒரு ஸ்டூல் கிடந்தது. யார் போட்டது என்று யோசிக்கவும் தெம்பில்லாமல் உட்கார்ந்தார்.

"என்னங்க, இன்னிக்கும் சைக்கிளா?" கீழ்ப்படியில் மனைவி நின்றிருந்தாள்.

அவர் தெருவைப் பார்த்தார். தெரு காலியாக இருந்தது.

"முட்டி எனக்குத்தான் வலிக்குது."

"தெரியும்."

"எப்படி?"

"லிஃப்ட் சத்தத்தை வெச்சே பழுது சொல்றவராச்சே நீங்க. கீழே ஒருத்தி உங்க காலடியைக் கேட்டுக்கிட்டேதானே தைக்கிறா. கல்யாணமான புதுசுல ரெண்டு படிக்கு ஒரு சத்தம். அப்புறம் படிக்கு ஒரு சத்தம். போன வருஷத்துலேருந்து ஒரு படிக்கு ரெண்டு சத்தம். ஸ்டூலை வேற எதுக்குப் போட்டேன்?"

"முன்னாடியே கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்க சொல்லட்டும்னு இருந்தேன். நீங்கதான் என் முட்டியைத் தேய்ச்சிட்டீங்களே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தனியாளா கட்டிலைத் தூக்கினவன், உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"தனியாளாவா? பின்னாடி ரெண்டு காலையும் தாங்கிக்கிட்டு வந்தது யாராம்? தலைமேல கட்டில் இருந்தா பின்னாடி என்ன தெரியும்?"

இத்தனை வருஷம் அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் ஏறி வந்துவிட்டாள். அவர் எழுந்து, பழைய பழக்கத்தில், உடம்பைத் திருப்பி ஒதுங்கினார். அவள் உரசிக்கொண்டே அவரைத் தாண்டினாள். இரண்டு படிக்கு ஒரு சத்தம். அவர் மெய்மறந்து ஜன்னலில் சாய்ந்து நின்றார்.

மேலிருந்து அவள் குரல் வந்தது:

"கண்ணாடியை நானே எடுத்துக்கறேன். நீங்க கைப்பிடியைப் பிடிச்சு, பார்த்து இறங்குங்க, பெரியவரே."