றோயின் பெட்டியருகே எ ஃபியூ வேர்ட்ஸ்

ஆங்கிலேயர் உலகுக்கு அளித்த அளவைகளில் இறாத்தலும் அடியும் அற்பமானவை. ‘எ ஃபியூ’ ஒன்றே மகத்தானது. அதன் மகத்துவத்தை ஆங்கிலேயர்கூட அறியார். அதை முழுமையாக உணர்ந்து, மேடையேற்றி, மைக்கும் கொடுத்துக் காப்பாற்றி வருபவர்கள் ரொறன்ரோத் தமிழர்களே.

இந்த உண்மை கிளடிஸுக்கு விளங்கியது ஒரு சனிக்கிழமை காலை, அஜின்கோர்ட்டில் ஒரு மலர்ச்சாலையில், கணவர் றோயின் சவப்பெட்டியருகே. பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை உடல் பார்வைக்கு. பன்னிரண்டுக்குத் தேவாலயத்தில் திருப்பலி. றோய் இருபத்திரண்டு வருடம் தமிழ்ச் சங்கக் கூட்டங்களுக்குக் கதிரை, மேசை அடுக்கியவர். ஆகவே அஞ்சலி உரைகளைச் சங்கமே ‘பொறுப்பேற்றது’.

கிளடிஸ் ஒரு தாளில் பதினொரு வரி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்த மனிதரைப் பற்றி, பெட்டியை மூடுவதற்கு முன், நாலு பேர் கேட்கச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

“அண்ணை, நானும் கொஞ்சம் கதைக்கவேணும்,” என்று தலைவர் சண்முகநாதனிடம் போனாள்.

“ஓம் தங்கச்சி, கட்டாயம். குடும்பம் கடைசியாத்தான் கதைக்கிறது. அதுதான் முறை. முதல்ல பிரமுகர்கள் எ ஃபியூ வேர்ட்ஸ்.”

“எ ஃபியூ எண்டால் எத்தினை அண்ணை?”

கேள்வி பாரதூரமானது. தலைவர் அதை உபதலைவர் பாலகிருஷ்ணனின் ‘மேலான கவனத்துக்கு’ அனுப்பினார். பாலகிருஷ்ணன் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. துறை, சங்கத்தின் ஆங்கிலம் முழுவதும் அவர் பொறுப்பு.

“மேடம், எ கப்பிள்னா ரெண்டு. எ ஃபியூன்னா மூணுல ஆரம்பிக்கும். எங்க முடியும்னு எந்த டிக்‌ஷனரியும் சொல்லலை.”

“கேட்டியளே தங்கச்சி? சட்டப்படி இடமிருக்கு,” என்று நிம்மதியோடு மைக்கைப் பிடித்தார் தலைவர்.

இருபத்தாறு நிமிடம் பேசினார். சங்கம் ஒரு பேஸ்மென்ரில் பிறந்த வரலாறு, தேர்தலில் தம்மைக் கவிழ்க்க நடந்த சதி, சதிகாரர் இருவர் இச்சபையிலேயே வீற்றிருப்பது என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அந்த இருவரும் எழுந்து, பதிலுக்கு ஆளுக்கு எ ஃபியூ வேர்ட்ஸ் கேட்டு வாங்கினார்கள். ஜனநாயகம் தழைத்தது. பாலகிருஷ்ணன் றிச்மண்ட் ஹில்லில் வீடு வாங்கிய கதையைச் சொன்னார். வீடு பெரியது, கதையும் அப்படியே. நகரசபைத் தேர்தலில் நிற்கப்போகும் ஒருவர் தெருப் பனி அள்ளுவதில் தமது கொள்கையை அறிவித்தார். கவிஞர் ஒருவர் இரங்கற்பா பாடினார். போன மாதம் ஒரு நடேசருக்காகப் பாடிய அதே பா. எதுகை கெட்டுவிடக் கூடாதே என்று பெயரை மாற்றாமல் விட்டிருந்தார். சபை கைதட்டியது.

முன்வரிசையில் இருந்த கிளடிஸின் கையில் தாள் வியர்வையில் ஊறிப்போயிற்று. அதில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அவள் காலை ஷிப்டுக்குப் போன பத்தொன்பது வருடமும் றோய் முட்டை அவித்து, கோது உரித்து, சாப்பாட்டோடு கட்டிக் கொடுத்தார். கோபம் வந்தால் சண்டை பிடிக்காமல் போய் வெங்காயம் உரிப்பார். இப்படியான சங்கதிகள். வாசிக்கும்போது அழுதுவிடுவேனோ என்று வரும்போது பயந்திருந்தாள். இப்போது அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பதினொன்று இருபத்தெட்டு. கறுப்புக் கோட்டுப் போட்ட மலர்ச்சாலை ஊழியர் பெட்டியின் மூடியில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, நேரம் இல்லை. சுருக்கமா எ ஃபியூ வேர்ட்ஸ்,” என்று தலைவர் பெருந்தன்மையுடன் மைக்கை நீட்டினார்.

கிளடிஸ் தாளை மடித்து றோயின் சட்டைப்பைக்குள் வைத்தாள். பிறகு சபையைப் பார்த்தாள்.

“எல்லாரும் வடிவாக் கதைச்சனீங்கள். சந்தோசம். இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கு. ஆராவது றோயைப் பற்றியும் எ ஃபியூ வேர்ட்ஸ் சொல்லுங்கோவன்.”