மிஸ்டர் சவரிமுத்து எக்ஸ்பயர்டு

உயிரோடு இருக்கும்போதே தன் சாவுக்கு இரங்கல் கடிதம் வாங்கியவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் வாங்கியிருக்கிறேன். என்னைச் சாகடித்தது வேறு யாருமில்லை, பெற்ற அம்மாதான்.

அப்பா சவரிமுத்து இறந்த செய்தி கேட்டு டொராண்டோவிலிருந்து திருக்காட்டுப்பள்ளிக்கு ஓடி வந்தேன். அடக்கம் முடிந்ததும் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அம்மா தனி. நிலமோ இன்னும் தாத்தா பெயரில். பட்டா மாற்ற தாலுகா ஆபீசுக்கு அலைந்ததில் ஒரு போகம் இரண்டு போகமாகி, கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்கத் தந்த பி.ஆர். கார்டு காலாவதியாகிவிட்டது. (பேர் நிரந்தரம், அதற்கும் காலாவதி!) வெளிநாட்டில் இருந்துகொண்டு அதைப் புதுப்பிக்க முடியாது. திரும்பிப் போவதற்கு மட்டும் ஓர் அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன்.

மனைவி ஸ்டெல்லாவும் மகள் ஜெனியும் அங்கே. ஜெனி சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை பெறும் புதுநன்மை நாளுக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை. "எப்பப்பா வருவீங்க?" என்று வீடியோவில் கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போது "சாப்டீங்களாப்பா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். விருந்தாளியை விசாரிக்கிற மாதிரி. அது எனக்குத் தாங்கவில்லை.

ஊரில் நான் ச. அமல்ராஜ். பாஸ்போர்ட்டில் அந்த 'ச' விரிந்து கடைசிப் பெயராகிவிட்டதால், கனடாவில் பல் டாக்டர்கூட என்னை மிஸ்டர் சவரிமுத்து என்றுதான் கூப்பிடுவார். இதை அம்மாவிடம் சொல்லி வைக்கத் தோன்றவில்லை.

அன்று வயலுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். (மடையை ஒழுங்காக அடைக்கத் தெரியாமல் பக்கத்து வயலுக்குப் பாய்ச்சியது தனிக்கதை.) போன் வீட்டில் சார்ஜில் இருந்தது. திரும்பி வந்தால் அம்மா முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"டெல்லியிலேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு தம்பி. அப்பாவைக் கேட்டுச்சு."

"அப்பாவையா?"

"ஆமா, மிஸ்டர் சவரிமுத்து இருக்காரான்னு. இங்கிலீஷு. நானும் விடலையே! 'சவரிமுத்து எக்ஸ்பயர்டு'ன்னேன். 'கார்டு எக்ஸ்பயர்டா'ன்னுச்சு. 'நோ கார்டு, ஹி ஒன்லி எக்ஸ்பயர்டு'ன்னேன். பாவம், அப்படியே அமைதியாயிடுச்சு. எப்படின்னு கேட்டுச்சு, 'ஹார்ட்டு'ன்னேன். நீங்க யாருன்னுச்சு, 'ஒய்ஃபு'ன்னேன்."

எங்கள் பக்கம் இங்கிலீஷில் யாரும் 'டை' ஆவதில்லை, எக்ஸ்பயர்தான் ஆவார்கள்.

"ஐயோ அம்மா! அது விசா ஆபீஸு! அவங்க கேட்டது என்னைய!" என்று கத்தினேன்.

"உன்னைன்னா அமல்ராஜ்னு கேட்கணும்ல?" என்றாள். சார்ஜரைப் பிடுங்கிப் போனை என்னிடம் நீட்டினாள். பிறகு, "அப்பா போனதுக்கப்புறம் அவரைக் கேட்டு யாருமே போன் பண்ணலடா" என்றாள்.

இரங்கல் கடிதம் ஈமெயிலில் வந்தது. ஆழ்ந்த அனுதாபங்கள், விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கேட்டு வி.ஏ.ஓ.விடம் ஓடினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இறந்ததுக்குக் குடுப்போம், வாரிசுக்குக் குடுப்போம். இதுக்கு எதுக்குங்க சான்று? அதான் நிக்கிறீங்களே!"

அவரைக் கெஞ்சி ஒரு கையெழுத்து வாங்கி, அப்பாவின் இறப்புச் சான்றையும் சேர்த்து அனுப்பி, 'நான் இன்னொரு சவரிமுத்து' என்று விளக்கி எழுதினேன். அனுமதி கிடைத்தது. ஆனால் அதற்குள் புதுநன்மை நாள் வந்துவிட்டது.

பொழுது சாயும் நேரம், சிக்னல் கிடைக்கும் வரப்பில் உட்கார்ந்து டொராண்டோ சர்ச்சில் நடந்த பூசையைப் போனில் பார்த்தேன். வெள்ளை கவுனில் ஜெனி வளர்ந்திருந்தாள். நற்கருணை வாங்க அவள் வாயைத் திறந்த இடத்தில் நெட் நின்றுவிட்டது. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அந்த வழியாக வந்த பக்கத்து வயல்காரர், மடை விவகாரத்துக்குத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"விடுங்க தம்பி, தண்ணிதானே? போனாப் போவுது" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இப்போது நான் டொராண்டோவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவில் அசந்து தூங்கினால் போதும், ஜெனி ஊருக்குப் போன் போட்டுவிடுவாள். "அப்பாயி, அப்பா எக்ஸ்பயர்டு!" அந்தப் பக்கம் அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்து முடித்ததும் போனை என்னிடம் தரச் சொல்லிக் கேட்பாள்:

"அந்த டெல்லிப் பொண்ணு மறுபடி போன் பண்ணுச்சாடா? உங்கப்பாவை ரொம்ப நல்லா விசாரிச்சுது."