சைடு பேனலில் அப்பாவின் கை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நீங்கள் எங்கள் வீட்டில் விட்டுச்சென்ற பழைய ஸ்கூட்டரும் பெரும்பாலும் நலம். உங்கள் நலத்தையும், ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிக் கண்காட்சிக்கு நீங்கள் போகத்தான் வேண்டுமா என்பதையும் அறிய ஆவல்.

வண்டியை விடும்போது நீங்கள் அப்பாவிடம், "மச்சான், இந்த சைடு பேனல் வண்டியோட பிறந்தது. இதுவரைக்கும் ஒரு கீறல் கிடையாது. யார் வேணா தொடட்டும், உங்க கை மட்டும் படவேணாம்" என்றீர்கள். அன்று அப்பா பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டார். அதனால்தான் நீங்கள் வருவதற்குள் வண்டியைப் பளபளவென்று ஆக்கிக்காட்ட நினைத்து, பேனலைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நாற்காலியில் காயவைத்தார். கழுவியது களைப்பாக இருந்ததாம். உட்கார்ந்தார். அதே நாற்காலிதான்.

பிளாஸ்டிக் பேனல் இரண்டாகிவிட்டது. நான் நூலகத்திலிருந்து பிளாஸ்டிக் பற்றிய புத்தகம் எடுத்துவந்தேன். விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, பசையை மெல்லியதாகத் தடவி, கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும் என்று இருந்தது. எங்களிடம் கிளாம்ப் இல்லாததால் அப்பாவே வலது கையால் பிடித்தார். "அசையாம பிடிக்கணும்னு போட்டிருக்குப்பா" என்று நான்தான் படித்துக்காட்டினேன். அசையாமல்தான் பிடித்தார், பிறகு அசைக்க முடியவில்லை. இரவு அம்மாதான் சோறு ஊட்டினாள். மறுநாள் பேனலோடு அலுவலகம் போக முடியாதல்லவா, அவர் சொல்லச்சொல்ல விடுப்புக் கடிதம் நான் எழுதினேன். காரணம்: வாகனப் பழுது. அதில் பொய்யில்லை. நெயில் பாலிஷ் ரிமூவர் பசையைக் கரைக்கும் என்று புத்தகத்தில் படித்து, அம்மாவுடையதை முழுவதும் ஊற்றினேன். அது பிளாஸ்டிக்கையும் கரைக்கும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது.

கை வந்துவிட்டது. பேனலின் வெளிப்பக்கம் நான்கு விரல்களும் உட்பக்கம் கட்டைவிரலும் ரேகையோடு பதிந்திருக்கின்றன. அப்பா அதையே பார்த்துக்கொண்டு, "உன் மாமன் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டான்" என்றார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்க வராமல், மழைக்காலம் முடிந்து சாவகாசமாக வரும்படி கேட்டுக்கொள்கிறேன். கண்காட்சியில் அசல் பாகங்கள் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறீர்களாமே, வேறு பிரிவு உண்டா என்று விசாரித்துவைக்கவும். அத்தைக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மீது மிகுந்த மரியாதை வைத்திருக்கும்
மருமகள்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் முன் பேனலை இன்னொரு முறை பார்த்தேன். அப்பாவின் கட்டைவிரல் இருந்த இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் உரித்தேன். அடியில் ஒரு பழைய விரிசல், மேலிருந்து கீழ்வரை. மஞ்சள் பசை தடவி, நீலக் கோடு போட்ட துணி வைத்து ஒட்டி, அதன்மேல் பெயின்ட் அடித்திருக்கிறது. அம்மா துணியைத் தொட்டுப் பார்த்து, "இது என் தம்பி சட்டை. தொலைச்சுட்டேன்னு நாந்தான் திட்டு வாங்கினேன்" என்றாள். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அந்த நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். உங்களை ஞாயிற்றுக்கிழமையே வரச் சொல்கிறார். காலையிலேயே.