இருபத்தாறு கேள்விச் சீட்டுகள்

வெள்ளிக்கிழமை ஜில்லா ஆபீசர் வரப்போகிறார். செவ்வாய்க்கிழமையாகியும் இருபத்தாறு கேஸ் ஷீட்டில் 'நோய்' என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. உத்திரமேரூர் ரோட்டோரத்துச் சின்ன ஆஸ்பத்திரியின் குமாஸ்தா பாண்டுரங்கன் அவற்றைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தான். ரிக்கார்டு சுத்தமாக இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் தாமலுக்குப் போய் மாமனார் வீட்டு மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டியதுதான்.

அவன்மேல் குற்றமில்லை. நோயாளி வீட்டுக்குக் கிளம்பும் அன்று காலையிலேயே, "இவருக்கு நோய் என்ன?" என்று சீட்டு எழுதி, வார்டு பெருக்கும் செங்கேணியிடம் கொடுத்து டாக்டருக்கு அனுப்பிவிடுவான். பதில்தான் ஒன்றுகூட வந்தபாடில்லை.

அந்த இருபத்தாறில் ஒன்று அவனுடையதே. போன மாதம் நாலு நாள் ஜுரத்தில் அதே வார்டில் கிடந்தான். என்ன ஜுரமென்று இன்றுவரை அவனுக்கே தெரியாது. அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது செங்கேணி ஆசையாகக் கையில் கட்டிவிட்ட தாயத்தை உருட்டிக்கொண்டே இப்போது அவளிடம் கேட்டான்.

"செங்கேணி, டாக்டர் சீட்டப் பார்க்கறாரா, இல்லியா?"

"பார்க்கறாரு சார். கண்ணாடி போட்டுக்கினு பார்க்கறாரு."

நேரிலேயே கேட்டுவிடலாமென்று போனான். டாக்டர் பஞ்சாட்சரம் கைராசிக்காரர். ஆனால் மூக்குக்கு மேல் கோபம்.

"சார், அந்த நோய்..."

"எழுத்துல கேட்டா எழுத்துல பதில். வாயால கேட்டா வாயால திட்டு. எது வோணும்?"

பாண்டுரங்கன் எழுத்தையே தேர்ந்தெடுத்தான். சிவப்பு மையில் இருபத்தாறு ஞாபகச் சீட்டு எழுதி, தானே கொண்டுபோய் மேஜைமேல் அடுக்கினான். அரை மணியில் டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"ஏன்யா, ஒரே கேள்விய எத்தினி தபா கேப்ப? மறதியா உனக்கு? ஆபீசர் வரட்டும், வேற குமாஸ்தா கேக்கறேன்!"

தான் பதில் எழுதாமல் நம்மை விரட்டப் பார்க்கிறாரே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. டாக்டர் சொல்லாவிட்டால் என்ன, நோயாளிகள் சொல்லட்டுமே!

புதனும் வியாழனும் சைக்கிளை மிதித்தான். காவாந்தண்டலத்தில், போன மாதம் குணமாகிப் போன சேட்டு கேழ்வரகுக் களியை உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை வந்து, உனுக்கு இன்னா நோயின்னு ஆபீசராண்ட சொல்லணும்."

"டாக்டருக்கே தெரியாதா? அப்ப அந்த நோயி இன்னும் உள்ளதான் கீதா?"

சேட்டு பாதிக் களியோடு கையைக் கழுவிவிட்டு முனக ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை ஆபீசரின் ஜீப் உள்ளே நுழைய வழியில்லை. இருபத்தைந்து பேரும் பெண்டு பிள்ளைகளோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டு முனகினார்கள். அவர்களில் சொக்கம்மாள் மறுபடி படுக்கப் பாயே கொண்டுவந்திருந்தாள்.

"ஊருல காலராவா?" என்று அலறினார் ஆபீசர்.

"இல்ல சார், எல்லாரும் குணமானவங்க," என்றான் பாண்டுரங்கன் ஈனக்குரலில்.

ஆபீசர் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினார். முகம் சிவந்தது.

"என்ன நோய்னே எழுதல. அப்புறம் குணம் எப்படி ஆச்சு? குமாஸ்தா என்ன பண்றான்?"

"சீட்டு அனுப்பினேன் சார். டாக்டர் பதில் தரல."

டாக்டர் துள்ளி எழுந்தார். "பொய்! இருபத்தாறுக்கும் அன்னன்னிக்கே பதில் எழுதி, 'குடுத்துடு'ன்னு செங்கேணி கையில குடுத்தேன்!"

முனகல் சட்டென்று நின்றது. எல்லோரும் செங்கேணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

செங்கேணி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, பெருமையாக முன்னால் வந்தாள்.

"குடுத்துடுன்னீங்க, குடுத்துட்டேன் டாக்டரய்யா. உங்க எழுத்து ஒடம்புல இருந்தா நோய் திரும்பாதுன்னு, அவுங்கவுங்க சீட்ட அவுங்கவுங்க தாயத்துல சுருட்டிக் கட்டினேன். எல்லாரும் வந்துதான கீறாங்க, குமாஸ்தா சார், மொதல்ல உங்க கையில கீறத அவுருங்க!"