எட்டு மதிப்பெண் மனிதன்

மனிதன் என்பவன் யார் என்ற கேள்விக்கு உலகத்து ஞானிகள் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அவர்களிடம் படிவம் இல்லை. எங்கள் ஆய்வு நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அந்தக் கேள்வியை ஒரு செவ்வாய்க்கிழமை காலை கையில் எடுத்து, தேநீர் வருவதற்குள் முடித்துவிட்டது. தேநீர் அன்று சற்று முன்னதாகவே வந்தது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

குழுவின் செயலாளர் அடியேன்தான். பதினோரு வருடமாக இந்தப் பதவியில் இருக்கிறேன். இந்தக் காலத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு ஆய்வுகள் அனுமதி கேட்டு வந்தன. இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் 'ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின், ஏகமனதாக' அனுமதி கொடுத்தோம். கூட்டக் குறிப்பை நான் எப்போதும் கூட்டத்துக்கு முந்தைய நாளே தட்டச்சு செய்துவிடுவேன். கூட்டம் முடிந்த பிறகு எழுத உட்கார்ந்தால், அங்கே உண்மையில் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்து தொந்தரவு செய்யும்.

இந்த ஒழுங்குக்கு முதல் இடைஞ்சல் பதினேழாம் எண் பன்றியால் வந்தது. நோயாளிகளுக்குப் பொருத்துவதற்காகப் பன்றியின் வயிற்றில் மனிதச் சிறுநீரகம் வளர்ப்பது எங்கள் விஞ்ஞானியின் திட்டம்.

"பன்னியோட கிட்னிய அப்படியே வெச்சா நம்ம உடம்பு ஏத்துக்காது. வெளியாள்னு கண்டுபிடிச்சு விரட்டிடும்," என்று அவர் எங்களுக்கு விளக்கியிருந்தார். "அதனாலதான் கருவுலயே மனுஷ செல்லைச் சேர்க்கிறோம். ஆஸ்பத்திரியில ஒரு டீச்சர் காத்துக்கிட்டு இருக்காங்க. வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ். ரொம்ப நாள் தாங்காது."

ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, சிறுநீரகத்துக்கு அனுப்பிய மனித உயிரணுக்களில் கொஞ்சம் மூளையிலும் குடியேறியிருந்தது.

"வழி தவறிப் போயிருக்கு," என்றார் விஞ்ஞானி.

"மூளைக்குப் போனா வழி தவறினதா அர்த்தமா?" என்று கேட்டார் தலைவர். அவர் அந்த வழியில் அதிகம் போகாதவர்.

குழுவின் வழக்கறிஞர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அது பன்னின்னா அறுக்கலாம். மனுஷன்னா அறுத்தா கொலை. எதுன்னு நாம முடிவு பண்ணியாகணும்."

முடிவு செய்தோம். பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று தயாரானது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். ஐந்தும் அதற்கு மேலும் வாங்கினால் மனிதர், குறைந்தால் விலங்கு. ஏழு நாள் கூடவே இருந்து கவனித்துப் படிவத்தை நிரப்பும் பொறுப்பு, பன்றிக் கொட்டிலைப் பராமரிக்கும் அம்மாவிடம் போனது. அந்த வாடையில் ஏழு நாள் உட்கார வேறு யாரும் முன்வரவில்லை.

"ஒப்பீடு இல்லாம ஆய்வே கிடையாது," என்றார் விஞ்ஞானி. "நிச்சயமா மனுஷன்னு தெரிஞ்ச ஒருத்தரையும் பக்கத்துல வெச்சு, அதே படிவத்தை நிரப்பணும்."

தலைவருக்கு வெளியூர்ப் பயணம். வழக்கறிஞருக்கு நீதிமன்றம். விஞ்ஞானிக்கு ஆய்வு. எனக்கு வேலை எதுவும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் தேர்வு சுலபமாக முடிந்தது. 'நிச்சயமாக மனிதன்' என்று மூன்று படித்தவர்கள் ஒருவரைச் சுட்டிக்காட்டுவது சாதாரண விஷயமா? அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கொட்டிலை ஒட்டிய கண்ணாடி அறைக்கு என் மேஜையைத் தூக்கிப் போட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மற்றப் பன்றிகளோடு பதினேழாம் எண். இந்தப் பக்கம் நான். நடுவாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் அந்த அம்மா, கையில் அட்டையும் பேனாவுமாக.

மூன்றாம் நாள் பேச்சுக் கொடுக்கலாமே என்று, "நீங்க இங்க புதுசாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். ஒன்பது வருஷமா உங்க ரூமுக்கும் நான்தான் சாவி கொண்டாந்து தர்றேன்," என்று சொல்லிவிட்டுப் படிவத்தில் எதையோ எழுதினார்.

எட்டாம் நாள் குழு கூடியது. படிவங்கள் இருந்த கவரை வழக்கறிஞர் பிரித்தார். பதினேழாம் எண்ணுக்கு எட்டு. செயலாளருக்கு மூன்று.

தலைவர் கவரைத் தலைகீழாக உதறிப் பார்த்தார், வேறு தாள் எதுவும் விழவில்லை. தேநீர்கூட வரவில்லை.

வழக்கறிஞர் விவரங்களைப் படித்தார். கவனித்துக்கொள்பவரை அடையாளம் காண்கிறதா? பதினேழு: ஆம். செயலாளர்: இல்லை. உணவைப் பகிர்கிறதா? பதினேழு தன் தீனியை மூக்கால் தள்ளி, கால் ஊனமான பன்றியின் பக்கம் ஒதுக்கியது. செயலாளர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். மற்றொன்று வலியில் கத்தும்போது அருகே போகிறதா? பதினேழு போனது, செயலாளர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பிடிக்காததை மறுக்கிறதா? பதினேழு எடை பார்க்கும் மேடையில் ஏற மறுத்து வாசலிலேயே படுத்துக்கொண்டது. செயலாளர் தொலைபேசியில் ஒரே நாளில் நாற்பத்தொரு முறை 'சரிங்க சார்' என்றார்.

நான் வாங்கிய மூன்றையும் சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்லி அழைத்தபோது திரும்பினேன். கண்ணாடியில் என்னை அடையாளம் கண்டு தலை வாரிக்கொண்டேன். கருவியைப் பயன்படுத்தினேன், அதாவது, ஸ்கேலால் முதுகு சொறிந்தேன்.

"தேர்ச்சி மார்க்கை ஒன்பதாக்கிடலாமே?" என்றார் தலைவர்.

"ஆக்கலாம். பன்னி விலங்காயிடும். நம்ம செயலாளரும்தான்," என்றார் வழக்கறிஞர்.

"அதுல நமக்கென்ன நஷ்டம்?"

"விலங்கு போட்ட கையெழுத்து செல்லாது சார். பதினோரு வருஷ அனுமதி அத்தனையும் ரத்து. உங்களுக்குக் கிடைச்ச விருதையும் திருப்பிக் கேப்பாங்க."

விருது என்றதும் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப மூணா குறைச்சிடுங்க."

"ரெண்டு பேரும் மனுஷங்க ஆயிடுவாங்க. பன்னி மேல கத்தி வைக்க முடியாது."

விஞ்ஞானி காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "கோட்டை எங்க போட்டாலும் இவர் பன்னிக்குக் கீழதான் வர்றார்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். மூலையில் ஸ்டூலில் இருந்த அந்த அம்மாவும் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலே போதும். என் வேலை போயிருக்கும்; பதினேழு பிழைத்திருக்கும். வாய் மூடி இருப்பதில்தான் எனக்குப் பதினோரு வருட அனுபவம் உண்டே.

ஆனால் அன்று, என் பணிக்காலத்தில் முதல் முறையாக, கூட்டத்தில் நான் பேசினேன்.

"ஒருவேளை தலைப்பு மாறியிருக்குமோ சார்? அவசரத்துல என் மார்க்கைப் பன்னி பக்கமும், பன்னி மார்க்கை என் பக்கமும் எழுதியிருக்கலாம் இல்லையா?"

"மாறல சார்," என்று எழுந்தார் அந்த அம்மா. "நான்தானே எழுதினேன். தங்கத்துக்குத்தான் எட்டு."

"தங்கம் யாரு?" என்றார் தலைவர்.

"பதினேழு சார்."

"அம்மா, உக்காருங்க. எழுத்துப் பிழை யாருக்கும் வர்றதுதான்."

என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பதினோரு வருடத்தில் நான் சொன்ன ஒரே யோசனை ஏகமனதாக நிறைவேறியது. திருத்தக் குறிப்பில் கையெழுத்துப் போட்டேன். மனிதன் போட்ட கையெழுத்து, ஆகவே செல்லும். எட்டு மதிப்பெண்ணுக்கு முத்திரையிட்ட சான்றிதழும் கொடுத்தார்கள்.

அதை வீட்டில் மனைவியிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "எட்டா? யாரைப் பாத்துட்டுப் போட்டாங்க?" என்றாள். இருபத்திரண்டு வருடம் கூட இருந்தவளுக்குப் படிவம் தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை காலை பதினேழை அழைத்துப் போனார்கள். அந்த அம்மா கயிற்றைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், அறுவை அரங்கிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பதினேழு வழக்கம்போல வாசலில் படுத்துக்கொண்டது. பிறகு எழுந்தது. கண்ணாடி அறையைத் தாண்டும்போது நின்று, மூக்கைக் கண்ணாடியில் வைத்து என்னைப் பார்த்தது. ஏழு நாள் பழக்கம். அதற்கு என்னை அடையாளம் தெரிந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து திரையை இழுத்துவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து அந்த அம்மா அட்டையோடு உள்ளே வந்தார்.

"உங்களோடது ஒரு கேள்வி பாக்கி சார். 'உடன் இருந்த ஒன்றை அழைத்துச் செல்லும்போது கலங்குகிறதா?' இதுவரைக்கும் யாரையும் கூட்டிட்டுப் போகலையே, அதனால காலியா விட்டிருந்தேன். என்ன போடட்டும்?"

"கலங்கினேம்மா. ஆமான்னு போடுங்க."

காலையில் பன்றிகளின் கண்ணைப் பார்த்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பார் அவர். அதே பொறுமையோடு என் முகத்தைப் பார்த்தார். பிறகு 'இல்லை' என்று எழுதினார்.

"டீச்சருக்காகன்னு ஒரு வார்த்தை நேரா கேட்டிருந்தா, அழுதுக்கிட்டே நானே கயிறைப் பிடிச்சிருப்பேன் சார்," என்றார். "உயிரை எடுத்தீங்க, போகட்டும். அது மார்க்கை எதுக்கு சார் எடுத்தீங்க?"

பன்றியிடமிருந்து எடுத்து மனிதருக்குப் பொருத்தும் சாதனையை எங்கள் நிறுவனம் அந்த வாரத்தில் இரண்டு முறை செய்தது என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன். டீச்சருக்குப் பொருத்திய சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதாம். எனக்குப் பொருத்தியதைத்தான் உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை.