தொடாதே பாயின் பின்கண்ணாடி

கூரை திறக்கிற கார் வாங்கி, கூரையைத் திறக்கப் பயந்த மனிதர் இந்தச் சிங்கப்பூரிலேயே ஒருவர்தான். பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் கார்பார்க்கின் மேல்தளத்தில், என் வேனுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புக் கார் நிற்கும். புளோக் முழுக்க அவருக்குத் 'தொடாதே பாய்' என்றுதான் பேர்.

அந்தக் காருக்குக் கூரை துணி. பின்னால் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் மடங்குகிற பிளாஸ்டிக். அதில் கீறல் விழுந்தால் விழுந்ததுதான். ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடையில் முப்பது வருஷம் ஆணியும் உப்புத்தாளும் விற்றவர் பாய். அதனால் எதைப் பார்த்தாலும் அவருக்கு உப்புத்தாளாகவே தெரியும். என் சட்டைப் பட்டன், பறந்து வரும் இலை, அடுத்த வீட்டுப் பூனை, எல்லாமே.

முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை ஓட விடுவார். பிறகு குழந்தை சோப்பு, நனைத்த மெத்துத் துணி. மேலிருந்து கீழே நேர்கோடாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைப்பார். வருஷத்தில் இரண்டு நாள் கூரையை மடக்குவார். ஜிப்பைக் கழற்றி, பிளாஸ்டிக்கைப் பிள்ளையைப் போலப் படுக்க வைத்து, மடிப்புக்குள் கம்பளித் துணி விரிப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அப்புறம் வானத்தைப் பார்ப்பார். "மழை வரும் போல லா." திரும்ப மூடிவிடுவார்.

பின்னால் ஓர் அட்டை தொங்கும். 'தொடாதே. தொட்டாலும் தேய்க்காதே.'

"நாப்பது வருஷத்துல என் மூக்குக்கண்ணாடிய ஒரு தடவ துடைச்சுக் குடுத்திருக்காரான்னு கேளுங்க தம்பி" என்பார் அவர் மனைவி லாத்தா.

"உனக்கு வேற கண்ணாடி வாங்கலாம். இதுக்கு எங்க போறது?" என்பார் பாய்.

இனி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

லிட்டில் இந்தியா கடைகளுக்கு வாழையிலை போடுகிறவன் நான். அந்த வருஷ ஆயுத பூசைக்கு வேனுக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். என் வேன் முகத்தை வெளியே காட்டி நிற்கும்; பாயின் கார் முதுகைக் காட்டி நிற்கும். கை வீச்சில் நாலு சொட்டு அவருடைய பின்கண்ணாடியில் விழுந்துவிட்டது.

ஐந்து வேளை தொழுகிற மனிதரின் வண்டியில் நம் பூசைத் தண்ணீர் பட்டுவிட்டதே என்று பதறிப்போனேன். அவர் வருவதற்குள் தோள் துண்டை எடுத்துப் பரபரவென்று தேய்த்தேன். அது சற்று முன் நான் திருநீற்றுக் கையைத் துடைத்த துண்டு. மஞ்சள் போய்விட்டது. வெயில் பட்டதும் பிளாஸ்டிக் முழுக்க வட்டம் வட்டமாகச் சிலந்தி வலை போலக் கீறல். சாமான்களை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பாய் காரின் பின்னால் குந்தியிருந்தார்.

"நான்தான் தம்பி. நேத்து காலையில துடைச்சப்ப துணியில தூசி இருந்திருக்கு, எனக்குத் தெரியல. கண்ணும் போச்சு, கையும் போச்சு. வண்டிய வித்துடப் போறேன். சனிக்கிழமை ஆள் பாக்க வராங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயசானா அப்படித்தான் பாய்."

வெள்ளிக்கிழமை கோயிலில் அம்பாள் முன்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "தப்பு பண்ணது பாய்கிட்ட. அம்பாள்கிட்ட அழுது என்ன? போய்ச் சொல்லிட்டு வாங்க, அப்புறம் சாப்பாடு" என்றாள்.

பாய் காருக்குப் பக்கத்தில்தான் நின்றார். மஞ்சள் தண்ணீர், துண்டு, திருநீறு எல்லாம் சொன்னேன். பாய் குனிந்து கீறலைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"நேரா தேய்ச்சியா, வட்டமாவா?"

"வட்டமா, பாய்."

கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "வட்டமாவா..."

"உங்க வண்டியில பூசைத் தண்ணி பட்டுருச்சேன்னு பயந்துட்டேன் பாய்."

"தண்ணிதானே. விட்டிருந்தா நான் கழுவியிருப்பேன்." இரண்டு கைகளையும் விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப என் கை நல்லாத்தான் இருக்கு." போனை எடுத்து, சனிக்கிழமை வர வேண்டாம் என்று சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கீறல விடு. வயசானா அப்படித்தான்னு சொன்ன பாரு, அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல தம்பி."

ஆணியும் உப்புத்தாளும் விற்ற மனிதர் என்னைத் தேய்த்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் நேர்கோடாக.

அடுத்த ஆயுத பூசைக்கு வேனை ஆறு பார்க்கிங் லாட் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினேன். பாய் நடந்து வந்தார். "என்ன தம்பி, நாடு கடத்திட்டாங்களா? பழைய எடத்துல வந்து செய்யி."

"வேணாம் பாய், இங்கேயே இருக்கட்டும்."

பாய் திரும்பிப் போனார். நான் சூடத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சிவப்புக் கார் ஊர்ந்து வந்து பக்கத்து லாட்டில் நுழைந்து நின்றது, பின்கண்ணாடியை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் காட்டிக்கொண்டு.