சுவர் தாண்டிப் போன ஜெரண்ட்

ஜெரண்ட் என்றால் என்னவென்று தெரியாமலே நான் இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனவள். இதை என் மாணவர்களிடம் இதுவரை சொன்னதில்லை. அடியோடு தெரியாது என்றும் சொல்ல முடியாது. மனப்பாடமாகத் தெரியும். (அது இன்னும் மோசம்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கேகாலையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். கிடைத்தால் எங்கள் இறப்பர் தோட்டத்திலிருந்து போகும் முதல் இங்கிலீஷ் டீச்சர் நான்தான். அம்மா மாதா கோயிலில் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வந்தார். இலக்கணத்தில் ஜெரண்டைக் கட்டாயம் கேட்பார்கள் என்று யாரோ சொன்னதால், நான் புத்தகத்தில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு வாரம் சத்தம் போட்டுப் படித்தேன்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். நான் படித்ததும் அப்படியே சுவர் தாண்டிப் போயிருக்கிறது. பக்கத்து வீட்டு மேரி அக்காவுக்கு இறப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை. தோட்டத்தில் டெப்பிங் என்போம். அவர் ஒரு நாளும் என்னை “மெதுவாப் படி” என்று சொன்னதில்லை.

நேர்முகப் பரீட்சையன்று அம்மாவுக்குக் காய்ச்சல். மேரி அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் துணைக்கு வந்தார். நான் பள்ளிக்கூட அதிபரின் அறைக்குள், அவர் ஜன்னலுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

அதிபர் வயதானவர், மெதுவாகப் பேசுபவர். இரண்டு கேள்விகளுக்கு எப்படியோ சமாளித்தேன். பிறகு அவர், “வட் இஸ் எ ஜெரண்ட்?” என்றார். சந்தோஷத்தோடு வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் இருந்த தேத்தண்ணிக் கறை மட்டும் கண்ணுக்குள் நின்றது. எழுத்தெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

அப்போது ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. நான் மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கி, நான் இருமும் இடத்தில் இருமி, “எ ஜெரண்ட் இஸ் எ வேர்ப் எண்டிங் இன் ஐஎன்ஜி, தட் டஸ் த வேர்க் ஒஃப் எ நவுன்.”

அதிபர் எழுந்து எட்டிப் பார்த்தார். “நீங்களும் வேலைக்கா வந்தீங்க?”

“இல்லீங்க சார், தொணைக்கு.”

“சொன்னதுக்கு அர்த்தம் தெரியுமா?”

“தெரியாதுங்க. இந்தப் புள்ளைக்கும் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா ரெண்டு வாரமா எங்க காதத் தின்னிருக்குமா? பாவம், வேலையக் குடுத்துருங்க சார். நானும் டெப்பிங்க விட்டுட்டு வந்திருக்கேன்.”

அதிபர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இப்ப டெப்பிங்னு சொன்னீங்களே, அதுதான் ஜெரண்ட். டெப்னா வெட்டுறது. அந்தச் செயலே ஒரு வேலைக்குப் பேரா நின்னா டெப்பிங்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “களை எடுக்கிற வீடிங், கொழுந்து பறிக்கிற ப்ளக்கிங், எல்லாம் அதுதான். பொறந்ததுல இருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க, மகள்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதி வெட்கத்தில், பாதி புரிந்துவிட்டதில்.

வேலை கிடைக்கவில்லை. கடிதம் வந்த அன்று, “நான் சரியாத்தானே சொன்னேன்?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மேரி அக்கா கேட்டார். மறுவருஷம் அரநாயக்கவில் வேறொரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். இன்றைக்கும் ஜெரண்டுக்கு நான் கொடுக்கும் முதல் உதாரணம் டெப்பிங்தான். எங்கள் லயத்திலோ, யாருக்கு எது மறந்தாலும் “ஜன்னல்கிட்ட கேளு” என்பார்கள்.

போன மாதம் மேரி அக்காவின் கணவர் சவரிமுத்து அண்ணனோடு, அவர்களுடைய கல்யாணப் பதிவின் பிரதி எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். அக்காவுக்கு அன்றைக்கு டெப்பிங். உள்ளே அண்ணனிடம் கல்யாணத் தேதியைக் கேட்டார்கள். அண்ணன் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே நின்ற நான் தேதி, மாதம், வருஷம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்தத் தேதியை அவர் மறந்துவிட்டார் என்று அக்கா வருஷா வருஷம் போடும் சண்டையும் அதே சுவரைத் தாண்டித்தானே வருகிறது.